வெள்ளவத்தையில் நின்று போன கோப்புகள்: எட்டு பைட்டும் ஒரு பயர்வோல் வரியும்

லப்டொப்பிலிருந்து சேர்வருக்குக் கோப்பு ஏற்றும்போது நின்று போகிறது என்றால் நம் ஆட்கள் முதலில் பழி போடுவது இன்டர்நெட் வேகத்தின் மேல்தான். பக்கேஜை மாற்று, ரூட்டரை அணைத்துப் போடு, கம்பனிக்குக் கோல் எடு. வேகம் குறைவென்றால் கோப்பு மெதுவாகப் போகும்; ஒரே இடத்தில் உறைந்து நிற்காது. மெதுவாகப் போவதையும் நின்று போவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் நல்ல வேலை ஒன்று வாரக்கணக்கில் தடைப்பட்டுக் கிடந்தது. அதை எப்படிப் பிடித்தோம் என்று முழுதாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இதே கோளாறு வேறு வீடுகளிலும் இருக்கிறது, அங்கே அதற்கு வேறு ஏதோ பெயர் வைத்திருப்பார்கள்.

நடந்தது 2023 கடைசியில். என் சித்தியின் மகள் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய பதிப்பகத்தில் வேலை செய்கிறாள். பழைய கோயில் மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், எப்போதோ நின்று போன சிற்றிதழ்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த ஒரு சேர்வரில் ஏற்றி வைப்பது அவளுடைய பொறுப்பு. லப்டொப்பில் டெபியன் 12 என்ற லினக்ஸ். பகலில் ஸ்கேன், இரவில் வீட்டிலிருந்து ஏற்றம், ஏனென்றால் அலுவலக இணைப்பைப் பகலில் எல்லோரும் பங்கு போடுகிறார்கள். ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில் சாம்பல் நிறத்தில் எடுத்தால், சுருக்காத டிஃப் கோப்பு 8.7 எம்பி அளவில் வரும். நூறு பக்க மலர் ஒன்று கிட்டத்தட்ட ஒரு ஜிபி. அந்தத் தாள்கள் பலவற்றைத் தொட்டாலே உதிர்கிறது, ஸ்கேன் செய்த கோப்பு ஒரே லப்டொப்பில் மட்டும் கிடப்பது எனக்குப் பயமாக இருந்தது, அதனால்தான் இதில் இவ்வளவு மெனக்கெட்டேன்.

அவள் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணா, ஒபிஸில ஓடுது, வீட்டில நிண்டு போகுது. அதே லப்டொப், அதே கட்டளை, நான் ஒண்டும் மாத்தேல்ல."

பயன்படுத்தியது கோப்புகளைப் பிரதி எடுக்கும் ஆர்சிங்க் என்ற நிரல், தூரத்து இயந்திரத்துக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக. வீட்டிலிருந்து சேர்வருக்குள் நுழைய முடிகிறது, உள்ளே கோப்புப் பட்டியல் பார்க்க முடிகிறது, சேர்வரிலிருந்து ஒரு பெரிய கோப்பை இறக்கினால் நன்றாக இறங்குகிறது. ஏற்றினால் மட்டும் முதல் கோப்பில் சில நூறு கேபி போனதாகக் காட்டிவிட்டு எண் அப்படியே நிற்கும். பிழைச் செய்தி கிடையாது. விட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்தால், கால் மணி நேரத்துக்கு மேல் கழிந்து இணைப்பு அறுந்து கிடக்கும். எஸ்எஸ்எச்சோடு வரும் எளிய பிரதிக் கட்டளையான எஸ்சிபியில் போட்டால் வேகம் சுழியத்துக்கு இறங்கி, பக்கத்தில் தேங்கி நிற்கிறது என்ற சொல் வரும். அது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்தச் சில நூறு கேபி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். திரையில் தெரியும் எண், சேர்வருக்குப் போய்ச் சேர்ந்த அளவு அல்ல. நிரல், இயங்குதளத்தின் மையமான கேர்னலிடம் ஒப்படைத்த அளவு. கேர்னல் அதைத் தன் அனுப்பும் பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) வாங்கி வைத்துக்கொள்ளும், பஃபர் நிரம்பும் வரை நிரல் போய்விட்டது என்றே நினைக்கும். சேர்வர் பக்கம் போய்ப் பார்த்தபோது, ஆர்சிங்க் உருவாக்கும் புள்ளியில் தொடங்கும் அந்தத் தற்காலிகக் கோப்பு அங்கே இருந்தது, அளவு சுழியம். அப்படியானால் பாதி வழியில் நிற்கவில்லை. தொடங்கவே இல்லை. இந்த ஒரு பார்வை மட்டும் முதல் நாளே கிடைத்திருந்தால் வேகம் பற்றிய பேச்சே எழுந்திருக்காது.

தவறான தடங்கள்

என்னிடம் வருவதற்கு முன் அவளும் அவளோடு இருந்தவர்களும் தேடிப் பார்த்த வழிகள் எதுவும் முட்டாள்தனமானவை அல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

முதல் சந்தேகம் தமிழ் மேல் விழுந்தது. ஸ்கேனோடு சேர்த்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு உரைக் கோப்பும், ஒரு மலருக்கு ஆங்கிலத்தில் ஒரு சிறு குறிப்புக் கோப்பும் போகும். ஆங்கிலக் குறிப்பு ஏறியது. தமிழ்ப் பக்கம் நின்றது. ஒவ்வொரு முறையும் அப்படியே. யாராக இருந்தாலும் யூனிகோட் பிரச்சினை, கோப்புப் பெயரில் தமிழ் இருப்பது பிரச்சினை என்றுதான் நினைப்பார்கள். எல்லாக் கோப்பின் பெயரையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள், மாற்றம் எதுவும் இல்லை. உண்மையில் இது கடைசியில் அழகாகப் பொருந்தி வந்த தடயம்: யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியேற்றத்தில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட், தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட், அதிலும் 'கொ' போன்ற உயிர்மெய் என்றால் இரண்டு குறியீடு, 6 பைட். நெட்வேர்க்கில் தரவு பக்கெட் எனப்படும் சிறு பொதிகளாகப் போகும்; ஆயிரம் எழுத்து ஆங்கிலக் குறிப்பு ஒரே பக்கெட்டில் அடங்கிவிடும். அதே நீளத் தமிழ்ப் பத்தி அடங்காது. மொழி காரணமில்லை, பருமன்தான் காரணம், மொழி வழியாக அந்தப் பருமன் தெரிந்தது.

இரண்டாவது சந்தேகம் இணைப்பின் மேல். கூகுள் ட்ரைவுக்கு அதே டிஃப் கோப்பை பிரவுசரில் ஏற்றினால் போகிறது, ஆகவே இணைப்பு சரி, சேர்வர்தான் பிழை என்று ஒருவர். கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட்டில் வைத்தால் ஆர்சிங்க் ஓடுகிறது, ஆகவே சேர்வர் சரி, வீட்டு இணைப்புத்தான் பிழை என்று இன்னொருவர். இரண்டும் கண்ணால் பார்த்த உண்மை. ட்ரைவ் விஷயம் எளிது: பிரவுசர் கூகுளோடு பேசுவது பெரும்பாலும் குயிக் நெறிமுறையில், அது யூடிபி மேல் ஓடுவது, 1200 பைட்டை ஒட்டிய சிறிய பக்கெட்டில் தொடங்கி, அதைவிடப் பெரியது போகுமா என்று தானே சோதித்துப் பார்த்து ஏறும். போகாவிட்டால் சிறியதிலேயே நிற்கும். எஸ்எஸ்எச் ஓடுவது டிசிபி மேல் (யூடிபியும் இதுவும் தரவைக் கொண்டுபோகும் இரு வேறு நெறிமுறைகள்), அதற்கு வேறு கதை.

இணைப்பு வழங்குகிற கம்பனிக்கும் கோல் எடுத்திருக்கிறார்கள். ஸ்பீட் டெஸ்ட் போடச் சொன்னார்களாம். லப்டொப்பில் இறக்கம் முழு வேகம், ஏற்றம் அசையவே இல்லை. போனில், அதே வைஃபையில், இரண்டும் நன்றாக வந்தது. அப்படியானால் உங்கள் லப்டொப்பைப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரி. ஆனால் லப்டொப்பில் எதைப் பார்ப்பது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அலுவலகத்தில் ஓடுகிற லப்டொப்பை யார் சந்தேகப்படுவார்கள்?

பருமனை அளந்தது

நான் அங்கே போனபோது முதலில் செய்தது வைஃபையை விட்டுக் கேபிளைச் செருகிப் பார்த்தது. அதே நிலை. ஆகவே வைஃபை மின்சேமிப்பு, சிக்னல், சுவர் எல்லாம் கதையிலிருந்து வெளியே. பிறகு ஓப்பன்எஸ்எஸ்எச்சின் சேவைத்தரக் குறி. 2018இல் வந்த 7.8 பதிப்பிலிருந்து கோப்பு மாற்றத்துக்கும் தட்டச்சுக்கும் பக்கெட்டில் வேறு வேறு குறி போடுகிறார்கள், சில ரூட்டர்களும் மெய்நிகர் இயந்திரங்களும் அதைப் பார்த்துக் குழம்பியதுண்டு. அதை அணைத்தும் ஓட்டினோம். மாற்றமில்லை. இவை இரண்டுக்கும் அதிக நேரம் போகவில்லை.

அப்புறம் வெறும் சுழியங்களால் நிரப்பிய சின்னச் சின்னக் கோப்புகள் உண்டாக்கி ஒவ்வொன்றாக எஸ்சிபியில் அனுப்பினோம். 1000 பைட் கோப்பு உடனே போனது. 2000 பைட் கோப்பு நின்றது. திரும்பத் திரும்பச் செய்தாலும் அதே கோடு. எஸ்எஸ்எச்சில் நுழைந்து ஒரு திருத்தியைத் திறந்து விரலால் தட்டினால் எவ்வளவு நேரமும் தட்டலாம். நீளமான ஒரு தமிழ்ப் பத்தியை ஒரே தடவையில் ஒட்டினால் அந்தக் கணமே திரை உறைகிறது. இதைப் பார்த்ததும் தங்கச்சிக்கே விளங்கிவிட்டது. "அப்ப பெரிசு மட்டும்தான் போகுதில்லை?" என்று கேட்டாள். அதுதான். இந்த மாதிரிக் கோளாறில் நேரமும் வேகமும் ஒன்றும் சொல்லாது, பருமனும் திசையும்தான் பேசும். சிறியது போகிறது, பெரியது போகவில்லை, ஏற்றத்தில் மட்டும்: இவ்வளவு தெரிந்தால் எம்டியூவைத் தவிர வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

எம்டியூ என்பது ஒரு இணைப்பில் ஒரே பக்கெட்டாகப் போகக்கூடிய அதிகபட்ச அளவு. ஈதர்நெட்டிலும் வைஃபையிலும் வழமையாக 1500 பைட். அவளுடைய வீட்டு இணைப்பு பிபிபிஓஇ வகை. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரூட்டரில் போட்டு நுழைகிற பழைய முறை. அதன் தலைப்புகள், அதாவது பக்கெட்டின் முன்னால் ஒட்டும் குறிப்புகள், ஒவ்வொரு பக்கெட்டிலும் 8 பைட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. வீட்டுக்குள் 1500, வாசலைத் தாண்டினால் 1492. இது 1999இல் பிபிபிஓஇக்கான ஆவணம் வந்த நாளிலிருந்தே தெரிந்த விஷயம், இதைச் சமாளிக்க வழியும் இருக்கிறது, அதனால்தான் உலகம் முழுவதும் கோடிக்கணக்கான வீடுகளில் யாருக்கும் இது தெரியாமலே ஓடுகிறது.

வழி இதுதான். டிசிபி அனுப்பும் பக்கெட்டில் துண்டாக்காதே என்ற கொடி இருக்கும். நடுவிலுள்ள ரூட்டருக்கு அது பெரிதாக இருந்தால் பக்கெட்டை எறிந்துவிட்டு, அனுப்பியவருக்கு ஐசிஎம்பி என்ற, நெட்வேர்க் பிழைகளைச் சொல்லும் வகைச் செய்தி ஒன்றை அனுப்பும்: வகை 3, குறி 4, இதைத் துண்டாக்காமல் அனுப்ப முடியாது, என் பக்கம் இவ்வளவுதான் போகும் என்று எண்ணோடு. அனுப்பியவர் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு சிறிதாக்கி மறுபடி அனுப்புவார். ஜெஃப் மோகலும் ஸ்டீவ் டீரிங்கும் 1990இல் எழுதிய இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 1191 இதைத்தான் வரையறுத்தது. பாலத்துக்கு முன்னால் 'இவ்வளவு உயரத்துக்கு மேல் லொறி போக முடியாது' என்று பலகை இருக்கிற மாதிரி. பலகை தெரியாவிட்டால் லொறி ஒவ்வொரு முறையும் வந்து அதே இடத்தில் முட்டும்.

மறுமுனையிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையில் துண்டாக்காதே கொடியைப் போட்டு அளவை ஏற்றிக்கொண்டே போனோம். 1464 பைட் தரவுக்குப் பதில் வந்தது. 1465க்கு வரவில்லை. 1464ஓடு ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேர்த்தால் சரியாக 1492. இதுவரை எதிர்பார்த்ததுதான். ஆனால் என்னுடைய லப்டொப்பை அதே ரூட்டரில் செருகி அதே 1465ஐப் போட்டபோது, துண்டாக்க வேண்டும், எம்டியூ 1492 என்று ரூட்டரின் பெயரோடு தெளிவான பதில் வந்தது. அவளுடையதில் வெறும் மௌனம். ஒரே ரூட்டர், ஒரே கேபிள். ரூட்டர் பேசுகிறது, ஒரு லப்டொப் கேட்கிறது, மற்றது கேட்கவில்லை.

டிசிபிடம்ப்பில் தெரிந்தது

கோப்பு ஏற்றத்தை ஓடவிட்டு, அவளுடைய லப்டொப்பிலேயே, போய்வரும் பக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பைத் திறந்தோம். முதலில் ஒரு எச்சரிக்கை: லப்டொப்பில் பிடிக்கும்போது 2896 என்றும் அதற்கு மேலும் பெரிய பக்கெட்டுகள் தெரியும், அதைப் பார்த்து இதுதான் பிழை என்று பாய வேண்டாம். நெட்வேர்க் கார்டுதான் அதை வெட்டி அனுப்பும், டிசிபிடம்ப் பார்ப்பது வெட்டுவதற்கு முந்தைய உருவம்.

2000 பைட் கோப்பை வைத்துச் செய்தபோது படம் மிகத் தெளிவாக இருந்தது. 1448 பைட் தரவோடு ஒரு முழுப் பக்கெட்டும், மிச்சத்தோடு ஒரு சிறிய பக்கெட்டும் போயின. சேர்வரிலிருந்து வந்த பதிலில், பின்னால் போன சிறியது கிடைத்துவிட்டது, அதற்கு முந்தைய துண்டு இன்னும் வரவில்லை என்று குறி இருந்தது. அதன் பிறகு அதே 1448 மறுபடி, மறுபடி, ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட இரண்டு மடங்கு காத்திருந்து. ஒவ்வொன்றும் போன கையோடு 192.168.1.1 என்ற ரூட்டரிடமிருந்து ஒரு வரி வருகிறது: சென்றடைய முடியாது, துண்டாக்க வேண்டும், எம்டியூ 1492. லப்டொப் மறுபடி 1500 அனுப்புகிறது. ரூட்டர் மறுபடி அதே வரி. சொல்கிறது, கேட்கவில்லை, சொல்கிறது, கேட்கவில்லை.

எஸ்எஸ் கட்டளையில் அந்த இணைப்பின் உள்விவரத்தைப் பார்த்தால் பிஎம்டியூ, அதாவது வழி முழுவதற்குமான எம்டியூ, 1500 என்றே நிற்கிறது, அனுப்பும் வரிசையில் பைட்டுகள் குறையாமல் கிடக்கின்றன, காத்திருப்பு நேரம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. லினக்ஸ் இயல்பாக 15 மறு அனுப்பல்கள் வரை பொறுக்கும், அது குறைந்தது 924 வினாடி. கால் மணி நேரத்துக்கு மேல் கழிந்து இணைப்பு அறுந்து கிடந்ததன் கணக்கு இதுதான்.

செய்தி லப்டொப்புக்கு வந்திருக்கிறது, டிசிபிடம்ப்பில் கண்ணுக்குத் தெரிகிறது, கேர்னலுக்குத் தெரியவில்லை. இது எப்படி நடக்கும் என்றால், உள்ளே வரும் பக்கெட்டை டிசிபிடம்ப் பார்ப்பது, எதை விடுவது எதை எறிவது என்று தீர்மானிக்கும் பயர்வோலுக்கு முன்னால். பயர்வோல் பிறகு எறிந்தாலும் டிசிபிடம்ப்பில் வந்ததாகத்தான் தெரியும். இந்த ஒரு விஷயம் தெரியாவிட்டால் ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம். தெரிந்தால், அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்.

லினக்ஸின் பயர்வோலான என்எஃப்டேபிள்ஸின் விதிகளை வரிசையாக அச்சிட்டுப் பார்த்தோம். உள்வரும் சங்கிலியில் முதல் வரி, லப்டொப் தனக்குள் தானே பேசுவதை விடு. இரண்டாவது வரி, பிங்கின் பதிலை விடு. மூன்றாவது வரி, மிச்சமுள்ள ஐசிஎம்பி எல்லாவற்றையும் எறிந்துவிடு. நாலாவது வரியில்தான், ஏற்கெனவே இருக்கும் இணைப்புகளையும் அவற்றோடு தொடர்புடையவற்றையும் விடு.

நாலாவது வரி மேலே இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அந்த 'தொடர்புடைய' என்ற பகுதியில் துண்டாக்க வேண்டும் என்ற ஐசிஎம்பியும் அடங்கும், எந்த இணைப்பைப் பற்றிய முறைப்பாடு இது என்று கேர்னலே அடையாளம் கண்டு உள்ளே விடும். ஆனால் விதிகள் மேலிருந்து கீழே ஓடுகின்றன, மூன்றாவது வரியிலேயே செய்தி செத்துவிடுகிறது. அந்த வரியில் ஒரு கவுண்டரைச் சேர்த்து ஏற்றத்தை ஓடவிட்டோம். 1448 ஒன்று மறுபடி போகும் ஒவ்வொரு தடவையும் கவுண்டர் ஒன்று ஏறியது. இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

அந்த விதிகள் வந்தது முன்பு பதிப்பகத்தில் வேலை செய்த ஒருவர் எல்லா லப்டொப்புக்கும் ஓடவிட்ட ஒரு பாதுகாப்பு ஸ்கிரிப்டிலிருந்து. நல்ல நோக்கத்தில் செய்தது. 1990களின் இரண்டாம் பாதியில் பெரிய பிங் ஒன்றை அனுப்பி இயந்திரத்தை விழுத்துவது, ஐசிஎம்பியைப் பெருக்கி ஒருவர் மேல் கொட்டுவது போன்ற தாக்குதல்கள் உண்மையாகவே நடந்தன, ஐசிஎம்பி என்றாலே மூடு என்ற பழக்கம் அப்போது ஊன்றியது. ஓட்டைகளை எப்போதோ அடைத்துவிட்டார்கள். பழக்கம் மட்டும் ஒரு ஸ்கிரிப்டிலிருந்து இன்னொரு ஸ்கிரிப்டுக்கு ஒட்டிக்கொண்டு வருகிறது. இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. ஐசிஎம்பி பிங் மட்டுமல்ல. அது நெட்வேர்க் உங்களிடம் பிழை சொல்கிற வாய். பிங்கை மட்டும் விட்டு மிச்சத்தை அடைத்தால், எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டிக்கொண்டே பிழையை மறைக்கிற ஒரு இயந்திரம் கிடைக்கிறது. பிங்கும் சேர்த்து அடைத்திருந்தாலாவது யாராவது முதல் நாளே சந்தேகப்பட்டிருப்பார்கள்.

அதே ஸ்கிரிப்ட் எஸ்எஸ்எச்சின் மறையாக்க முறைகளையும் இரண்டு மூன்றாகக் குறைத்து வைத்திருந்தது. இதைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், இது இல்லாவிட்டால் நோயின் முகமே வேறாக இருந்திருக்கும். இப்போதைய ஓப்பன்எஸ்எஸ்எச்சில் இரு முனையும் முதலில் பரிமாறிக்கொள்ளும் முறைப் பட்டியல் ஏறத்தாழ ஒரு முழுப் பக்கெட் நீளம், அதனால் இந்த மாதிரிக் கோளாறு பெரும்பாலும் நுழையும்போதே காட்டிக்கொடுக்கும்: எஸ்எஸ்எச்சை விவரமாகப் பேசும் நிலையில் ஓடவிட்டால் திறவுகோல் பரிமாற்ற வரியில் நிற்கும். இங்கே பட்டியல் சின்னதாக இருந்ததால் நுழைவு தப்பியது, கோப்பு மாட்டியது. பிரவுசருக்கும் இதே கணக்கு. 2024 ஏப்ரலில் குரோம் 124 வந்ததிலிருந்து குவாண்டம் கணினிக்குத் தாங்கும் திறவுகோல் இயல்பாகச் சேர்ந்து, இணையத்தளங்களின் மறையாக்க நெறிமுறையான டிஎல்எஸ்ஸின் முதல் செய்தியே ஒரு பக்கெட்டைத் தாண்டிப் போகிறது. இதே லப்டொப்பில் இன்றைக்கு அந்த பிரவுசரைப் போட்டிருந்தால் பல இணையத்தளங்கள் திறந்தே இராது.

திருத்தியது

மூன்றாவது வரியையும் நாலாவது வரியையும் இடம் மாற்றினோம். அத்தோடு சென்றடைய முடியாது, நேரம் கடந்தது, தலைப்பில் பிழை ஆகிய மூன்று வகை ஐசிஎம்பியையும் வெளிப்படையாக அனுமதித்தோம். விதிகளை மறுபடி ஏற்றிய பிறகு, ஏற்கெனவே உறைந்து கிடந்த ஆர்சிங்க், அடுத்த மறு அனுப்பலில், நாங்கள் எதையும் தொடாமலே ஓடத் தொடங்கியது. எஸ்எஸ் கட்டளையில் பிஎம்டியூ 1492, எம்எஸ்எஸ் (ஒரு பக்கெட்டில் தலைப்புகள் போக மிஞ்சும் தரவின் அளவு) 1440. சேர்வருக்கான வழியைக் கேட்டால் அதற்குப் பக்கத்தில் 1492 என்ற எண்ணும், அது காலாவதியாக மிச்சமுள்ள வினாடிகளும் தெரிந்தன. லினக்ஸ் இந்த எண்ணை 600 வினாடிதான் நினைவில் வைத்திருக்கும், பிறகு மறந்துவிட்டு மறுபடி 1500ஐ முயன்று, மறுபடி கேட்டுத் தெரிந்துகொள்ளும். வழி மாறியிருக்கலாம் அல்லவா, அதற்காக.

அலுவலகத்தில் ஏன் ஓடியது என்பது மிச்சம். சேர்வரில் டிசிபிடம்ப்பை வைத்து, இணைப்புத் தொடங்கும் முதல் பக்கெட்டில் லப்டொப் சொல்லும் எம்எஸ்எஸ்ஸைப் பார்த்தோம். வீட்டிலிருந்து 1460, அதாவது 1500இலிருந்து இரண்டு தலைப்புக்கு 40 கழித்தது. அடுத்த நாள் அலுவலகத்திலிருந்து 1452. லப்டொப் இரண்டு இடத்திலும் 1460 என்றுதான் சொல்கிறது, அலுவலக ரூட்டர் போகிற வழியில் அதைத் திருத்தி 1452 ஆக்குகிறது. சேர்வரிலிருந்து திரும்பி வருகிற எண்ணையும் அப்படியே. அப்போது பெரிய பக்கெட் உண்டாகவே மாட்டாது, ஐசிஎம்பிக்கு வேலையே வராது. கைத்தொலைபேசி வழியாக வந்ததும் 1460ஐவிடக் குறைவாகத்தான் இருந்தது. வீட்டு ரூட்டர் பிறகு ஒரு கடையில் வாங்கி மாற்றியது, அதில் இந்தத் திருத்தம் அணைந்து கிடந்தது. போனும் என் லப்டொப்பும் ஐசிஎம்பியைக் கேட்டுச் சமாளித்துக்கொண்டன. ரூட்டரில் ஒரு குறை, லப்டொப்பில் ஒரு குறை, தனித்தனியாக இருந்தால் இரண்டுமே வெளியே தெரியாது, இந்த வீட்டில் சந்தித்துக்கொண்டன. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்தத் திருத்தத்தையும் போட்டுவிட்டோம்.

இதைக் கேள்விப்பட்ட ஒரு நண்பர், லப்டொப்பில் எம்டியூவை 1400 என்று போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்குமே என்றார். முடிந்திருக்கும். சோதனைக்கு அது நல்ல வழி, நானும் ஆட்களுக்குச் சொல்வதுண்டு: குறைத்ததும் ஓடினால் கோளாறு எம்டியூதான் என்று உறுதி. அதை மருந்தாக வைத்துக்கொள்வதைத்தான் நான் ஏற்கமாட்டேன். பதிப்பகம் வயர்கார்டு என்ற விபிஎன் போடப் போகிறது, அது இணைய நெறிமுறையின் பழைய பதிப்பான ஐபிவி4 மேல் 60 பைட்டும் புதிய பதிப்பான ஐபிவி6 மேல் 80 பைட்டும் தானே எடுத்துக்கொள்ளும், நாளைக்கு இன்னும் ஒடுங்கிய வழி ஒன்றில் லப்டொப் மாட்டினால் பயர்வோல் அப்போதும் செவிடாகவே இருக்கும், அப்போது 1300 போடுவார்களா? கேர்னலில் டிசிபி எம்டியூ சோதனை என்று ஒரு அமைப்பு இருக்கிறது, இயல்பாக அணைந்திருக்கும். 1 என்று வைத்தால், பதிலே இல்லாமல் பக்கெட் தொலைகிறது என்று கண்டதும் கேர்னல் தானே சிறிதாக்கிப் பார்க்கும். அதைப் போட்டுவிட்டேன். நடுவழியில் வேறு யாரோ ஐசிஎம்பியை அடைத்திருந்தால் அதுதான் கைகொடுக்கும், அந்த இடங்கள் நம் கையில் இல்லை.

ஸ்கிரிப்டில் ஐபிவி6க்கும் இதே மாதிரி ஒரு வரி இருந்தது. அவளுடைய வீட்டில் ஐபிவி6 இல்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை. இருந்திருந்தால் இன்னும் மோசம்: அங்கே நடுவிலுள்ள ரூட்டர் துண்டாக்குவது என்ற பேச்சே கிடையாது, பக்கெட் பெரிது என்ற செய்தி வகை 2 ஆகத் தனியாக வரும், பக்கத்து இயந்திரத்தைத் தேடிப் பிடிப்பதே ஐசிஎம்பிவி6 வழியாகத்தான், அதை முழுதாக அடைத்தால் நெட்வேர்க்கே நிற்கும். எதை விடலாம் எதை அடைக்கலாம் என்று 2007இல் வந்த ஆர்எஃப்சி 4890 ஒவ்வொரு வகையாகச் சொல்கிறது. அதைப் பார்த்து அந்த வரியையும் மாற்றி, ஸ்கிரிப்டின் புதிய பிரதியை அலுவலகத்தின் மற்ற லப்டொப்புகளிலும் ஓடவிட்டோம். அவற்றில் ஒன்றை வைத்திருப்பவர் தெஹிவளையில் இருக்கிறார். வீட்டிலிருந்து எதுவும் ஏறுவதில்லை என்று அவரும் பென்டிரைவில் கொண்டு வந்து கொடுத்துக்கொண்டிருந்தாராம், யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அவரும் வீட்டிலிருந்தே ஏற்றுகிறார்.